எண் அழிந்த வண்டி: சட்டம் என்ன சொல்கிறது?

(பத்தாம் வகுப்பு மாணவி)

மனிதருக்குப் பெயர் எப்படியோ, மோட்டார் வாகனத்திற்குப் பதிவு எண் அப்படி. பெயரில்லாத மனிதரை நாம் எங்கும் கண்டதில்லை. ஆனால் எண் இல்லாத வண்டியைத் தெருவில் அடிக்கடி காண்கிறோம். எண் இருந்தும் அதைப் படிக்க முடியாத நிலையில் ஓடும் வண்டிகளோ இன்னும் அதிகம். "நம்பர் பிளேட்தானே, உடைந்தால் என்ன? வண்டி ஓடாமலா போய்விடும்?" என்று பெரியவர்களே சொல்லக் கேட்டிருக்கிறோம். வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் அப்படி ஓடும் வண்டியைச் சட்டம் எவ்வாறு பார்க்கிறது? ஓட்டுபவருக்கும் வண்டிக்கு உரியவருக்கும் என்ன நேரும்? அந்த வண்டியால் இடிபட்டவருக்கு என்ன நேரும்? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடிமையியல் பாடத்தில் உரிமைகளையும் கடமைகளையும் படிக்கிறோம். பாடப் புத்தகத்தில் இருப்பதைத் தெருவிலும் பார்க்கப் பழக வேண்டும் என்று எங்கள் ஆசிரியை அடிக்கடி சொல்வார்கள். ஆகவே வழக்கறிஞராக இருக்கும் என் பெரியப்பாவிடம் இது பற்றிக் கேட்டேன். அவர் சட்டப் புத்தகத்தைத் திறந்து, ஒவ்வொரு பிரிவாகக் காட்டி விளக்கினார். அவற்றை என் தோழிகளுக்கும் பெற்றோர்களுக்கும் புரியும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

எண் பிறந்த கதை

மோட்டார் வண்டி புதிதாகத் தெருவுக்கு வந்த காலத்தில் அதற்கு எண் கிடையாது. குதிரை வண்டிக்காரன் யாரையேனும் இடித்துவிட்டால், ஓடிப்போய்க் கடிவாளத்தைப் பிடித்து நிறுத்திவிடலாம். மோட்டார் வண்டியை அப்படிப் பிடிக்க முடியுமா? புழுதியைக் கிளப்பிக்கொண்டு கண் மூடித் திறப்பதற்குள் மறைந்துவிடுமே! இதற்கு ஒரு வழி காண வேண்டியிருந்தது. 1893-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் பாரிஸ் நகரக் காவல்துறை, ஒவ்வொரு மோட்டார் வண்டியிலும் உரிமையாளரின் பெயர், முகவரி, தனி எண் ஆகியவற்றைப் படிக்கும்படி எழுதிய உலோகத் தகடு இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இங்கிலாந்தில் 1903-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1904 ஜனவரி முதல் நாளிலிருந்து எல்லா மோட்டார் வண்டிகளும் எண் தாங்கியே ஓட வேண்டும் என்றாயிற்று.

இந்தியாவிலும் 1914, 1939 ஆகிய ஆண்டுகளில் மோட்டார் வாகனச் சட்டங்கள் இயற்றப்பட்டன. இப்பொழுது நடைமுறையில் இருப்பது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அது 1989 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதனோடு சேர்ந்து மத்திய மோட்டார் வாகன விதிகளும் வந்தன. சட்டம் 'எண் வேண்டும்' என்று சொல்கிறது. அந்த எண் எந்த அளவில், எந்த நிறத்தில், எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதை விதிகள் சொல்கின்றன.

இந்த வரலாற்றிலிருந்து ஒன்று விளங்குகிறது. வண்டியை வைத்திருப்பவருடைய பெருமைக்காக எண் பிறக்கவில்லை. வண்டியின் முன்னே நிற்கும் முன்பின் அறியாத ஒருவருடைய பாதுகாப்புக்காகவே அது பிறந்தது.

எண்ணில் அடங்கியுள்ள செய்தி

நம் ஊர் வண்டிகளில் 'டி.என்.' என்ற இரண்டு ஆங்கில எழுத்துக்கள் முதலில் இருக்கும். அது தமிழ்நாட்டைக் குறிக்கும். அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் வண்டி பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைக் குறிக்கும். 45 என்றால் திருச்சி, 69 என்றால் தூத்துக்குடி, 72 என்றால் திருநெல்வேலி. பிறகு வரிசை எழுத்துக்கள். கடைசியில் அந்த வண்டிக்கே உரிய எண். இந்த எண் தெரிந்தால் போதும். வண்டி யாருடையது, என்று பதிவானது, அதற்குக் காப்பீடு உண்டா என்பவற்றையெல்லாம் பதிவேட்டிலிருந்து அதிகாரிகள் எடுத்துவிடுவார்கள். ஓர் இலக்கம் அழிந்துபோனாலோ இவ்வளவும் அதனோடு மறைந்துவிடும்.

பிளேட்டின் நிறத்திற்கும் பொருள் உண்டு. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த உபயோகத்திற்கான வண்டி. மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து என்றால் ஆட்டோ, டாக்சி, லாரி, பஸ் போன்ற வாடகை வண்டி. பச்சைப் பின்னணி இருந்தால் மின்சார வண்டி.

எப்படி இருக்க வேண்டும்?

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 50-ஆம் விதியும் 51-ஆம் விதியும் இதற்கென்றே உள்ளவை. எண் வண்டியின் முன்புறமும் பின்புறமும் தெளிவாகத் தெரிய வேண்டும். எழுத்துக்கள் ஆங்கிலத்திலும், இலக்கங்கள் நாம் கணக்குப் பாடத்தில் எழுதும் 1, 2, 3 என்ற வடிவத்திலும் இருக்க வேண்டும். தமிழ்ப் பற்றினால் சிலர் தமிழ் இலக்கங்களில் மட்டும் எழுதி வைக்கிறார்கள். தமிழின் மீது நமக்கும் பற்று உண்டு. ஆயினும் ஆந்திராவிலிருந்து வரும் லாரிக்காரருக்கும், கேரளத்திலிருந்து வரும் சுற்றுலாப் பயணிக்கும் அந்த எண் படிக்க வர வேண்டுமல்லவா?

மோட்டார் சைக்கிளின் பின்புறம் எழுத்துக்கள் 35 மில்லிமீட்டர் உயரமும், இலக்கங்கள் 40 மில்லிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். கோட்டின் தடிமன் 7 மில்லிமீட்டர். எழுத்துக்கு எழுத்து இடைவெளி 5 மில்லிமீட்டர். கார், லாரி, பஸ் ஆகியவற்றில் உயரம் 65 மில்லிமீட்டர், தடிமனும் இடைவெளியும் 10 மில்லிமீட்டர். இவ்வளவு நுணுக்கமாக ஏன் சொல்ல வேண்டும் என்று தோன்றலாம். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் எண்ணை ஒருவர் ஒரே பார்வையில் படித்தாக வேண்டும். அதற்காகத்தான் இந்த அளவுகள். இரவிலும் எண் தெரிய வேண்டும் என்பதற்காக, பின்புறப் பலகையின் மீது வெள்ளை வெளிச்சம் விழும்படி ஒரு விளக்கு எரிய வேண்டும் என்றும், 15 மீட்டர் தூரத்திலிருந்து எண்ணைப் படிக்க முடிய வேண்டும் என்றும் மற்றொரு விதி சொல்கிறது. அந்தச் சிறிய பல்பு எரிகிறதா என்று பார்ப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

2019 ஏப்ரல் முதல் நாளுக்குப் பின் தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பதிவெண் பலகை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. இது அலுமினியத் தகடு. எண்கள் மேலெழும்பி இருக்கும். இடது மேல் மூலையில் நீல நிறச் சக்கரம் பொறித்த ஒளிமுத்திரை ஒன்று இருக்கும். அதன் கீழே அந்தப் பலகைக்கே உரிய தனி எண் லேசர் ஒளியால் பொறிக்கப்பட்டிருக்கும். பின்புறப் பலகை, ஒரு முறை பூட்டினால் உடைத்துத்தான் எடுக்க முடியும் என்ற வகைப் பூட்டினால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு வண்டியின் பலகையைக் கழற்றி மற்றொரு வண்டியில் திருட்டுத்தனமாக மாட்டுவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு.

நம் தெருவில் காண்பவை

மாலையில் பள்ளி விட்டதும் வாசலில் வந்து நிற்கும் வண்டிகளைச் சில நாட்கள் நானும் என் தோழியரும் கவனித்துப் பார்த்தோம். ஒரு வண்டியில் பிளேட் பாதி உடைந்து, கடைசி இலக்கம் காணாமற் போயிருந்தது. ஒன்றில் வெயிலில் வர்ணம் உரிந்து '8' என்பது '3' போலத் தெரிந்தது. ஒன்றில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து எண்ணின் மேலேயே ஒட்டியிருந்தன. திருஷ்டிக்குக் கட்டிய எலுமிச்சம்பழமும் மிளகாயும் ஒரு வண்டியின் முன் எண்ணை மறைத்துத் தொங்கின. சினிமா நடிகர் படம் ஒட்டியவை சில. எண்ணை வளைத்து நெளித்துப் பெயர் போலத் தெரியும்படி எழுதியவை சில. மழைக்காலத்துச் சேறு அப்படியே காய்ந்து கிடந்தவை பல.

இவற்றில் பெரும்பாலானவை குற்ற எண்ணத்தோடு செய்யப்பட்டவை அல்ல. 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்ற அசட்டையினால் வந்தவை. ஆனால் அந்த எண்ணைப் படிக்க வேண்டியவருக்கு, அசட்டையால் மறைந்த எண்ணும் வேண்டுமென்றே மறைத்த எண்ணும் ஒன்றுதான்.

சட்டம் தரும் தண்டனை

இனி தண்டனைகளைப் பார்ப்போம். இதில் இரண்டு படிகள் உள்ளன.

முதற்படி, எண் பலகை இருந்தும் விதிப்படி இல்லாதது. உடைந்தது, அழிந்தது, மறைக்கப்பட்டது, அளவு மாறியது, அலங்கார எழுத்தில் எழுதியது எல்லாம் இதில் சேரும். இதற்குத் தனித் தண்டனைப் பிரிவு இல்லாததால், பொதுத் தண்டனையைச் சொல்லும் 177-ஆம் பிரிவு பொருந்தும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன் இதற்கு முதல் முறை 100 ரூபாயும், மறுமுறை 300 ரூபாயும்தான் உச்ச அபராதம். அத்திருத்தம் அதை 500 ரூபாயாகவும் 1,500 ரூபாயாகவும் உயர்த்தியது. 2024 மே மாதம் 2-ஆம் தேதி முதல், நம்பர் பிளேட்டிலும் வண்டியிலும் 'போலீஸ்', 'பிரஸ்', 'வக்கீல்' போன்ற ஸ்டிக்கர்களை ஒட்டியிருப்பவர்கள் மீது சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை நடவடிக்கை எடுக்கத் தொடங்கியபோதும், நம்பர் பிளேட்டுக்கு இந்தத் தொகைகளையே அறிவித்தது.

இரண்டாம் படி, எண்ணே இல்லாமல் ஓட்டுவது. இது இன்னும் கடுமையானது. 39-ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? வண்டி பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பதோடு நில்லாமல், அந்தப் பதிவு எண்ணை விதித்த முறையில் தாங்கியும் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே 'என்னிடம் ஆர்.சி. புத்தகம் இருக்கிறது, பிளேட் மட்டும்தான் இல்லை' என்று சொல்லித் தப்ப முடியாது. 39-ஆம் பிரிவை மீறினால் 192-ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. முதல் முறை 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 5,000 ரூபாய் வரை அபராதம். மறுமுறை ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய்க்குக் குறையாமல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கப்படலாம். தகுந்த காரணம் இருந்தால், அதை எழுதி வைத்துத் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு.

இங்கே பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் பிரிவு ஓட்டுபவரை மட்டும் குறிப்பிடவில்லை. அப்படி ஓட்டச் செய்பவரையும், ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. ஆதலால் 'என் வண்டியைத் தம்பி எடுத்துப் போனான், எனக்கென்ன தெரியும்?' என்று வண்டிக்கு உரியவர் கை கழுவிவிட முடியாது. இரவல் கொடுத்தவரும் பதில் சொல்ல வேண்டியவரே.

இதோடு 207-ஆம் பிரிவையும் சொல்ல வேண்டும். 39-ஆம் பிரிவை மீறி வண்டி ஓட்டப்பட்டதாகக் காவல் அதிகாரி நம்பக் காரணமிருந்தால், வண்டியையே பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு அதிகாரம் உண்டு. பிறகு உரிய பத்திரங்களைக் காட்டி விண்ணப்பித்துத்தான் வண்டியை மீட்க வேண்டும். காலையில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட வந்தவர், மாலையில் காவல் நிலைய வாசலில் நிற்க நேரிடும்.

சட்டத்திற்கு இரக்கமும் உண்டு என்பதை இவ்விடத்தில் அறிந்து வியந்தேன். நோயாளியையோ காயம்பட்டவரையோ அவசரமாக ஏற்றிச் செல்லவும், துன்பத்தில் இருப்பவர்களுக்கு உணவும் மருந்தும் கொண்டு செல்லவும் வண்டியை உபயோகித்தால் 192-ஆம் பிரிவின் தண்டனை பொருந்தாது. ஆனால் ஏழு நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அதிகாரத்திற்கு அதைத் தெரிவித்துவிட வேண்டும். உயிருக்குப் பிறகுதான் எண் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது.

'புது வண்டி, நம்பர் இன்னும் வரவில்லை'

புது வண்டி வாங்கியவர்கள் எண் வரும் வரை ஒரு காகிதத்தை ஒட்டிக்கொண்டு ஓட்டும் வழக்கம் முன்பு இருந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதன்படி, ஒரு மாநிலத்தில் வாங்கும் புது வண்டியை அதே மாநிலத்தில் பதிவு செய்வதானால், அதற்கு விண்ணப்பிக்க வேண்டியவர் விற்பனையாளரே. எண் பலகை பொருத்தப்படும் வரை வண்டியை அவர் ஒப்படைக்கவும் கூடாது. ஆகவே நல்ல நாள் பார்த்து வண்டி எடுக்கப் போகும் பெற்றோர்கள், எண் பலகை மாட்டியாயிற்றா என்பதையும் பார்த்துக்கொண்டு வண்டியை வீட்டுக்குக் கொண்டு வருவது நல்லது.

போலி எண்

வேறு ஒருவருடைய எண்ணையோ, இல்லாத ஓர் எண்ணையோ எழுதிக்கொண்டு ஓட்டுவது அசட்டை அல்ல, ஏமாற்று. இதற்குப் போக்குவரத்து அபராதத்தோடு விட மாட்டார்கள். மோசடி, போலியாக்குதல் ஆகியவற்றுக்கான குற்றவியல் சட்டப் பிரிவுகளும் வரும். அவை முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தன. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் உள்ளன.

இப்பொழுது பெரிய நகரங்களில் எண்ணைத் தானே படித்துக்கொள்ளும் காமிராக்கள் சாலைச் சந்திப்புகளில் உள்ளன. வர்ணம் உரிந்து '8' என்பது '3' ஆகத் தெரிந்தால், யாரோ ஒருவர் செய்த தவற்றுக்கு அபராதச் சீட்டு வேறு ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சேரலாம். ஒன்றும் அறியாத அவர் அலுவலகத்திற்கும் காவல் நிலையத்திற்கும் அலைய வேண்டும்.

இடிபட்டவரின் கதி

இவ்வளவும் வண்டிக்காரருக்கு நேர்பவை. இனி சொல்லப் போவதே என் மனத்தை மிகவும் தொட்டது.

எங்கள் தெரு முனையில் ஓர் அம்மாள் பூக்கட்டி விற்பார்கள். சென்ற ஆண்டு ஒரு மாலை, விளக்கு வைக்கும் நேரத்தில், வேகமாக வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று அவர்களை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. கூடையும் பூவும் சாலையெங்கும் சிதறின. பலர் ஓடி வந்தார்கள். பார்த்தவர்கள் நான்கைந்து பேர் இருந்தும் எண் யாருக்கும் தெரியவில்லை. பின்னால் இருந்த பிளேட் மடங்கி, மட்கார்டுக்கு அடியில் போயிருந்ததாம். ஒருவர் 'கடைசியில் நாலு' என்றார். மற்றொருவர் 'ஒன்பது' என்றார். அந்த அம்மாளுக்குக் கால் எலும்பு முறிந்தது. காவல் நிலையத்தில் 'அடையாளம் தெரியாத வாகனம்' என்றே எழுத முடிந்தது.

அந்த மூன்று சொற்கள் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதைப் பெரியப்பா விளக்கியபோதுதான் நம்பர் பிளேட்டின் அருமை எனக்குப் புரிந்தது. எல்லா வண்டிகளுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். வண்டி எதுவென்று தெரிந்தால், தவறு யாருடையது என்று நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லாமல், 164-ஆம் பிரிவின்படி உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்திற்கு இரண்டரை லட்சம் ரூபாயும் கேட்டுப் பெறலாம். எலும்பு முறிவு சட்டத்தின் கண்ணில் கொடுங்காயமே. அந்த வழி வேண்டாமென்றால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தவற்றை நிரூபித்து, ஆஸ்பத்திரிச் செலவு, இழந்த வருமானம், பட்ட வேதனை ஆகியவற்றைக் கணக்கிட்டு இழப்பீடு கோரலாம்.

வண்டி எதுவென்று தெரியாவிட்டாலோ, இந்த இரண்டு கதவுகளும் மூடிவிடுகின்றன. யாருடைய காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்பது? அப்பொழுது 161-ஆம் பிரிவு ஒன்றே துணை. இடித்துவிட்டு ஓடிய வண்டியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த அத்திட்டத்தின்படி உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் கிடைக்கும். இரண்டரை லட்சம் எங்கே, ஐம்பதாயிரம் எங்கே! எண் படிக்கக் கிடைக்காததால் அந்த ஏழை அம்மாள் இழந்தது இவ்வளவு.

2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் 67,387 விபத்துக்களில் வண்டிகள் இடித்துவிட்டு ஓடிவிட்டன. அவற்றில் 30,486 பேர் இறந்தனர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இவை எல்லாவற்றிலும் நம்பர் பிளேட் பழுதாக இருந்தது என்று சொல்ல முடியாது. இருட்டு, வேகம், பார்த்தவர் ஒருவரும் இல்லாமை எனப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் பார்த்தவர் இருந்தும் படிக்க எண் இல்லை என்ற நிலை, நாம் மனம் வைத்தால் நீக்கக் கூடியது.

இந்தத் திட்டம் இருப்பதே பலருக்குத் தெரியாது. கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் 2012-ஆம் ஆண்டு தொடுத்த வழக்கில், 2024 ஜனவரியில் நீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. ஒரு மாதம் ஆகியும் வண்டி எதுவென்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், இப்படியொரு இழப்பீடு உண்டு என்பதைப் பாதிக்கப்பட்டவருக்கோ குடும்பத்தாருக்கோ காவல்துறையே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது அது. விண்ணப்பத்தை வட்டாட்சியர் போன்ற வருவாய்த்துறை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். பூக்கார அம்மாளுக்கும் பெரியப்பா விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறார். இப்பொழுது அவர்கள் கோலை ஊன்றிக்கொண்டு மறுபடியும் கடைக்கு வருகிறார்கள்.

பிளேட் உடைந்தால், தொலைந்தால்?

பழுதான பிளேட்டை வண்டிக்கடையில் கொடுத்து எப்படியாவது ஒட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கக் கூடாது. உயர் பாதுகாப்புப் பலகை உள்ள வண்டியானால், ஆர்.சி. புத்தகத்துடன் வண்டி நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் சென்று, உடைந்த பலகைக்குப் பதில் புதியதைப் பெற வேண்டும்.

தொலைந்துவிட்டால் முதலில் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் அன்று. தொலைந்த பலகை தீயவர் கையில் கிடைத்து, வேறொரு வண்டியில் மாட்டப்பட்டு, அந்த வண்டி ஏதேனும் குற்றத்தில் சிக்கினால், காவல்துறை முதலில் வந்து நிற்பது நம் வீட்டு வாசலில் அல்லவா? இன்ன தேதியில் பலகை தொலைந்தது என்று முன்பே எழுதிக் கொடுத்த ரசீதே அப்பொழுது நமக்குத் துணை. வருமுன் காப்பது என்பது இதுதான்.

மாணவிகளாகிய நாம்

நம்மில் யாருக்கும் இன்னும் லைசென்ஸ் இல்லை; வண்டியும் இல்லை. அப்படியானால் நமக்கென்ன வேலை என்று எண்ண வேண்டாம். நாம் செய்யக் கூடியவை பல உள்ளன.

வீட்டு வண்டியின் முன் எண்ணையும் பின் எண்ணையும் வாரம் ஒரு முறை ஈரத் துணியால் துடைப்பது நம்மால் முடியும். பூஜைக்குப் பொட்டு வைக்கும்போது எண்ணை விட்டு ஹெட்லைட்டின் மேல் வைக்கச் சொல்லலாம். எலுமிச்சம்பழத்தை எண் மறையாத இடத்தில் கட்டச் சொல்லலாம். இரவில் ஒரு முறை வண்டியை நிறுத்தி, பின்னால் பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று, பிளேட்டின் மேல் வெளிச்சம் விழுகிறதா என்று பார்க்கலாம். அண்ணன்மார் அலங்கார எழுத்தில் பிளேட் எழுதி வந்தால், 'மறுமுறை பிடிபட்டால் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்' என்று நினைவூட்டலாம். நாம் சொன்னால் கேட்காதவர்கள் தொகையைச் சொன்னால் கேட்பார்கள்.

ஆட்டோவில் ஏறும்போது அதன் எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு வீட்டில் யாரிடமாவது சொல்லும் பழக்கம் பெண் பிள்ளைகளாகிய நமக்கு மிகவும் அவசியம். எண் தெளிவாக இல்லாத ஆட்டோவில் ஏறாமல் இருப்பதே நல்லது. சாலையில் ஒரு விபத்தைக் காண நேர்ந்தால், அடிபட்டவருக்கு உதவி செய்வதோடு, யாரேனும் ஒருவர் வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் கூடி நின்று பரிதாபப்படுவதைவிட, ஒருவர் கையில் எழுதி வைத்த எண் அந்தக் குடும்பத்திற்கு ஆயிரம் மடங்கு பயன் தரும்.

அபராதத்திற்குப் பயந்து எண்ணைச் சரிசெய்வோர் உண்டு, அதுவும் நல்லதே. ஆனால் நம்பர் பிளேட் என்பது, 'என் வண்டியால் உனக்குத் தீங்கு வந்தால் நான் ஒளிந்துகொள்ள மாட்டேன்' என்று முகம் தெரியாத ஒருவருக்கு நாம் கொடுக்கும் வாக்கு. கொடுத்த வாக்கு அழிந்துபோகாமல் பார்த்துக்கொள்வது ஒவ்வொரு வீட்டின் கடமை. இன்று மாலை வீட்டுக்குப் போனதும் வாசலில் நிற்கும் வண்டியின் எண்ணை ஒரு முறை, தூரத்தில் நின்று படித்துப் பாருங்கள்.